காற்றோரம்

இரண்டு கை நீளம் இருக்கும், அதற்கு மேல் இல்லை. எங்கள் வரிசையின் ஓரத்தில் காற்றைத் தாங்கி ஓடியவரின் வலது தோளுக்கும், அவருக்கும் அப்பால் தனியே ஓடிய, குழுவின் அக்கா ஒருவரின் இடது தோளுக்கும் நடுவே இருந்த இடைவெளி அது. ஆடி மாதம் தனுஷ்கோடிச் சாலையில் ஓடிவிட்டு வந்து நாளாகிறது. கால்வலி போய்விட்டது. அந்த இடைவெளி மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

விஷயம் சின்னதுதான். முழு மாரத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருந்த எங்கள் குழு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தைக் கடலோரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பியது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போய்த் திரும்புவது. 2017ல் திறந்த சாலை. வலப்பக்கம் மன்னார் வளைகுடா, இடப்பக்கம் பாக் நீரிணை. அந்தப் பக்கத்து ஜனங்கள் முதலாவதை ஆண் கடல் என்பார்கள், அடுத்ததைப் பெண் கடல் என்பார்கள். கச்சான் காற்று வீசும் ஆடியில் ஆண் கடல் ஓயாமல் எகிறிக்கொண்டிருக்கும்; சாலையின் மறுபக்கம் பெண் கடல் பெரிய அலை ஒன்றும் இல்லாமல் கிடக்கும்.

சாலை தென்கிழக்கே ஓடுகிறது. காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே எதிர்க்காற்றும் இல்லை, தள்ளிவிடும் பின்காற்றும் இல்லை. போகும்போது வலது கன்னத்தில் அறைகிற காற்று, திரும்பும்போது இடது கன்னத்தில் அறைகிறது. எதிர்க்காற்றுக்குப் பயப்படுகிற ஓட்டக்காரர்கள் பலரும் பக்கக்காற்றை லேசாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவது. காற்றின் வேகமும் நம் வேகமும் சேர்ந்துதான் அந்தத் தடை அமைகிறது. அதனால் பக்கத்திலிருந்து அடிக்கிற காற்றும் முன்னே போகிற உடம்பை இழுத்துப் பிடிக்கும். போதாததற்கு, எடுத்து வைக்கும் அடி நினைத்த இடத்தில் விழாது. ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளிப்போய் விழும். முழங்காலுக்குக் கீழேதான் மணல் அதிகம் பறந்து வரும். கெண்டைக்காலில் சுருக் சுருக்கென்று குத்தும். தார்ச்சாலையின் மேல் மணல் பாம்பு பாம்பாக நெளிந்து ஒரு கடலிலிருந்து மறு கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

அங்கே போகிற வழியிலுள்ள பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு ஒரு பயணிகள் ரயிலையே புயலுக்குக் கொடுத்த கரை தனுஷ்கோடி. அந்த ஊரில் யாரும் காற்றைச் சாதாரணமாகப் பேசுவதில்லை.

பயிற்சியாளர் எங்களைச் சாய்வாக நிறுத்தி ஓடவைத்தார். ஒருவர் வலது ஓரத்தில் காற்றை வாங்கிக்கொள்வார். அடுத்தவர் அவருக்கு இடப்பக்கம், அரையடி பின்னால். அதற்கடுத்தவர் இன்னும் கொஞ்சம் உள்ளே. இப்படிச் சாலையின் அகலம் எவ்வளவு இடம் கொடுக்குமோ அவ்வளவு பேர். ஒரு கிலோமீட்டர் ஆனதும் ஓரத்தில் இருப்பவர் விலகிக் கடைசிக்குப் போக, அடுத்தவர் அந்த இடத்துக்கு வருவார். சைக்கிள் பந்தயக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. உள்ளே இருக்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். திடீரென்று காது திறக்கும். பக்கத்தில் ஓடுகிறவரின் மூச்சு கேட்கும்.

அக்காவின் முறை வந்தது. ஐம்பதைத் தாண்டியவர், குட்டையான, ஒல்லியான உடம்பு. குழுவில் பாதிப் பேர் அவரைவிட ஒரு தலை உயரம். அந்த ஒரு கிலோமீட்டரும் வேகம் குறையாமல் ஓரத்தில் ஓடினார். முறை முடிந்து அடுத்தவர் அந்த இடத்துக்கு வந்தபோது, அக்கா கடைசிக்குப் போகவில்லை. உள்ளே வராமல் வெளியே விலகினார். வலப்பக்கம், கடல் பக்கம், இரண்டு கை நீளம். அங்கேயே ஓடினார். அரிச்சல்முனை அசோகத் தூணைச் சுற்றித் திரும்பியபோது வரிசை அப்படியே மறுபக்கம் மாறியது. அக்காவும் மாறினார். அப்போதும் காற்றோரம், அப்போதும் அதே இரண்டு கை நீளம்.

"அக்கா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டோம். தலையை ஆட்டினார். வேண்டாம் என்றாரா, முகத்தில் ஒட்டிய மணலை உதறினாரா, காற்றின் இரைச்சலில் கேட்டதா கேட்கவில்லையா, எதுவும் சொல்ல முடியாது.

ராமேஸ்வரம் வந்து இட்லி சாப்பிடும்போது கேட்டேன். "காத்துல ஓடத்தானே தம்பி வந்தோம்" என்றார். சட்னி கேட்டு வாங்கிக்கொண்டார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அந்தப் பதிலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பயிற்சி என்பது உடம்பைக் கஷ்டத்துக்குப் பழக்குவது. பந்தய நாளில் மறைவு கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? அப்படிப் பார்த்தால் மறைவில் ஓடிய நாங்கள்தான் வந்த வேலையைக் குறைத்துச் செய்தவர்கள். ஆனாலும் எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. காற்று வேண்டுமென்றால் எங்களைவிட ஐம்பது அடி முன்னால் போயிருக்கலாம், பின்னால் வந்திருக்கலாம். சாலையில் இடத்துக்கா பஞ்சம்? எங்களோடு இருக்கவும் வேண்டும், எங்கள் மறைவும் வேண்டாம் என்பதுபோல அந்த இரண்டு கை நீளத்தை ஏன் அத்தனை கவனமாகக் காப்பாற்றினார்?

வீட்டில் சொன்னபோது என் மனைவி, "அத்தனை ஆம்பளைங்க முதுகை ஒட்டிக்கிட்டு அவங்க ஓடணுமாக்கும்?" என்றாள். அன்று குழுவில் பெண்கள் குறைவு. மறைவு வேண்டுமென்றால் தோளோடு தோள் உரசும் அளவுக்கு நெருங்கத்தான் வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை; அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். காரணம் அதுவாகவே இருக்கலாம். இருந்தால் நான் யோசிக்க வேண்டியது அக்காவைப் பற்றி இல்லை, எங்கள் வரிசையைப் பற்றி. ஆனால் முறை வந்தபோது அதே நெருக்கத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடினாரே என்று மனசு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

எங்கோ படித்தது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1953ல் எவரெஸ்ட் ஏறிய குழுவோடு போன உடலியல் விஞ்ஞானி கிரிஃபித் ப்யூ, பின்னாளில் ஓடுகிறவர்களைக் காற்று என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். ஓர் அறைக்குள் காற்றை வீசவிட்டு, டிரெட்மில்லில் ஆளை ஓடவைத்து, மூச்சை அளந்து பார்த்தார். 1971ல் வெளியிட்ட முடிவின்படி, முன்னே ஒருவர் ஓட, ஒரு மீட்டர் பின்னால் ஓடுகிறவருக்குக் காற்றை எதிர்ப்பதற்கான செலவில் ஏறத்தாழ 80 சதவீதம் மிச்சமாகிறது. படித்தபோது வியந்ததோடு சரி. இப்போது அந்த ஒரு மீட்டர் என் தலைக்குள் வேறு விதமாக வேலை செய்கிறது. இரண்டு கை நீளம் என்பது ஒரு மீட்டரை விடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதானே. அப்படியானால் அந்த அக்கா ஓரத்தில் ஓடியவருக்கு மறைவாக ஓடிக்கொண்டிருந்தாரோ? என் முறையில் நான் ஓரத்தில் ஓடியபோது, ஓரிடத்தில் காற்று சற்றே தளர்ந்தது நினைவிருக்கிறது. அது அவரால் தளர்ந்ததா, வலப்பக்கம் இருந்த மணல்மேட்டால் தளர்ந்ததா?

அக்கா மறைவை வாங்க மறுத்ததை நினைத்தால் எங்கள் அப்பத்தா நினைவுக்கு வருகிறாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. வானம் பார்த்த பூமி எங்கள் ஊர். பக்கத்து வீட்டிலிருந்து பணியாரமோ கொழுக்கட்டையோ வந்தால், வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது எல்லா வீட்டுக்கும் பொது. ஒரு பிடி அரிசி, நாலு மிளகாய் வற்றல், எதையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அப்பத்தா இதை எல்லாரையும்விடத் தீவிரமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் போட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லாத நாட்களில் அந்தக் கிண்ணம் விளக்கிக் கழுவி மாடத்தில் கவிழ்த்து வைத்தபடியே கிடக்கும். அதன் விளிம்பில் அந்த வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருப்பார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த நான் அதைத் தடவித் தடவிப் படிப்பேன். கிண்ணம் அங்கே கிடக்கிற வரைக்கும் அந்த வீட்டிலிருந்து வேறெதுவும் வாங்கக்கூடாது. அவர்கள் கொண்டுவந்தாலும், "இப்பத்தான் சாப்பிட்டோம்த்தா" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். நாங்கள் சாப்பிட்டிருக்க மாட்டோம்.

எனக்கு அப்போது அப்பத்தாமேல் கோபம் கோபமாக வரும். பணியாரம் போன கோபம். பின்னால் அதை வைராக்கியம் என்று மெச்சினேன். இன்னும் பின்னால், கொண்டுவந்த அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. கொடுக்க வந்த கையோடு அப்படியே திரும்பிப் போகிறவருக்கு எப்படி இருந்திருக்கும்? வாங்க மறுக்கிறவர் தன் மானத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்வதில்லை. கொடுக்க வந்தவரின் கையையும் சேர்த்து மூடிவிடுகிறார். வருகிற தட்டு மெல்ல மெல்லக் குறையும். கடைசியில் வரவே வராது.

ஈடாகத் திருப்பிக் கொடுக்க முடியாததை வாங்கக்கூடாது என்பதுதான் அக்காவுக்கும் காரணமோ என்று நினைக்கிறேன். அவர் முறையில் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவருக்கு இடப்பக்கம் ஓடிய உயரமான பையன், மறைவு போதாமல் தோளைக் குறுக்கிக்கொண்டு கூனி ஓடினான். அக்கா ஒருதரம் திரும்பிப் பார்த்தார். தன் உடம்பு மறைக்கிற அளவு எவ்வளவு என்று அந்த ஒரு பார்வையில் அவருக்குத் தெரிந்திருக்கும். நான் கொடுப்பது இவ்வளவு, எனக்குக் கிடைப்பது அவ்வளவா என்று தோன்றியிருந்தால், வெளியே விலகியதற்கு அர்த்தம் இருக்கிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் பறவைகளிடமும் உண்டு. ஆஸ்திரியாவில் வளர்த்த மொட்டைத்தலை அரிவாள்மூக்கன் குஞ்சுகளுக்கு, சிறிய மோட்டார் பாராகிளைடரில் முன்னே பறந்து இத்தாலிக்கு வலசைப் பாதையைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பறவைகளின் முதுகில் கருவி பொருத்தி ஆராய்ந்த முடிவுகள் 2014லும் 2015லும் வந்தன. முன்னே பறக்கிற பறவையின் இறக்கையிலிருந்து மேலெழும் காற்றில் பின்னே வருவது தன் பாட்டைக் குறைத்துக்கொள்கிறது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று: ஒவ்வொரு பறவையும் பின்னால் பறந்து மிச்சம் பிடித்த நேரத்துக்கு ஏறக்குறைய ஈடாக முன்னாலும் பறந்திருக்கிறது. வாங்கியதைக் கொடுத்துவிடுகின்றன. ஆனால் அங்கேயும் கணக்கு நேரத்தில்தான். எந்த இறக்கை பெரியது, எது சிறியது என்று பார்த்ததாகத் தெரியவில்லை. எங்கள் வரிசையின் கணக்கும் அதுதானே. ஆளுக்கு ஒரு கிலோமீட்டர். அக்கா தன் பங்கைச் செலுத்தியாகிவிட்டது. அதற்கு மேல் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கொடுக்கிறவர்களைப் பற்றி நம்மிடம் கதைகள் நிறைய உண்டு. 2018 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான், கொட்டும் மழையிலும் முகத்தில் அறையும் எதிர்க்காற்றிலும் நடந்தது. அதில் ஓடிய அமெரிக்க வீராங்கனை டெஸ் லிண்டன் அன்று உடம்பு சரிப்படாமல், பாதியில் நின்றுவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தார். உதவி வேண்டுமென்றால் சொல் என்று போட்டியாளரான ஷலேன் ஃப்ளானகனிடம் சொன்னார். ஃப்ளானகன் கழிப்பறைக்குள் போய் வரும் வரை வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை முன்னணிக் கூட்டத்தோடு கொண்டு சேர்த்தார். கடைசியில் லிண்டனே ஜெயித்தார். 1985க்குப் பிறகு அங்கே ஜெயித்த முதல் அமெரிக்கப் பெண். அவரைப் பாராட்டிப் பாராட்டி எழுதினார்கள். எழுத வேண்டியதுதான். நான் யோசிப்பது ஃப்ளானகனைப் பற்றி. அத்தனை பெரிய பந்தயத்தில், போட்டியாளர் தனக்காக நிற்கிறார் என்று தெரிந்தும், வேண்டாம் போ என்று சொல்லாமல் அந்த உதவியை வாங்கிக்கொண்டாரே. அதற்கும் ஒரு மனசு வேண்டும். அந்த மனசைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

எனக்கு அந்த மனசு இருக்கிறது என்றுதான் நம்புகிறேன். வரிசைக்குள் நான் நிம்மதியாகவே ஓடினேன். என் முறையில் காற்றை வாங்கினேன், மற்ற நேரமெல்லாம் அடுத்தவர் முதுகு எனக்குக் கிடைத்தது. இப்படித்தான் மனிதர்கள் சேர்ந்து வாழ முடியும் என்பது என் கட்சி. தனுஷ்கோடிப் பக்கத்து மீனவர்களும் கச்சான் காலத்தில் ஒரு கடல், வாடைக் காலத்தில் ஒரு கடல் என்று மறைவு பார்த்துத்தான் தொழில் நடத்துகிறார்கள். அதில் கௌரவக் குறைவு என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அக்காவை நினைக்கும்போது என் கட்சி முழுதாக நிற்கவில்லை. மறைவுக்குள் இருந்த நாங்கள் எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, அடுத்து யார் முறை என்றே பேசிக்கொண்டு வந்தோம். கடலை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அக்கா விலகிய பிறகு வழி நெடுகக் காற்றோரம், கடலைப் பார்த்தபடி ஓடினார். கொடுக்கல் வாங்கல் கணக்கெல்லாம் நானாகப் போட்டதாகவும், அவர் மனதில் அப்படி எதுவுமே இல்லாததாகவும் இருக்கலாம். காற்றில் ஓடத்தான் வந்தேன் என்று அவர் சொன்னது சொன்னபடியே உண்மையாக இருக்கலாம்.

அடுத்த ஆடியிலும் அங்கே போவதாகப் பேச்சு நடக்கிறது. அக்கா வருவார். அவர் திரும்பவும் வெளியே விலகினால் உள்ளே வாருங்கள் என்று மறுபடி கூப்பிடுவதா, அவர் விருப்பம் என்று விட்டுவிடுவதா? கூப்பிட்டால் தொந்தரவாகத் தோன்றலாம். கூப்பிடாவிட்டால், இடமில்லை என்று நாங்கள் சொன்னதாக ஆகலாம். எது மரியாதை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.