எந்தப் படி?

எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை அண்ணாச்சி கடை ஏறக்குறைய நூறு மீட்டர். ஒரு கைத்தடி இருந்தால்தான் அந்தத் தூரத்தை அக்காவால் நடக்க முடியும் என்றால் மதிப்பெண் ஆறு. அமெரிக்க மருத்துவர் ஜான் குர்ட்ஸ்கே 1983-ல் விரிவாக்கிய ஊன அளவுகோல் அது. பூஜ்யம் என்றால் பாதிப்பில்லை, பத்து என்றால் மரணம். நாலைத் தாண்டிவிட்டால் அது பெரும்பாலும் கால்களைத்தான் பார்க்கிறது.

அக்காவுக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை அரிக்கும் நோய். உடம்பு சூடேறினால் அடிபட்ட நரம்புகள் இன்னும் தடுமாறும்; உட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே இதைக் குறித்துவைத்தார். அம்பத்தூரில் கத்திரி வெயில் மதியம் கரண்ட் போனால் போதும், அக்காவுக்கு எழுத்து மங்கும், கால் கல்லாகும். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகும். மருத்துவர் அளப்பதோ ஏ.சி. அறையில்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் இந்த நோயும் உண்டு. அங்கே சலுகைகளுக்கு ஊனம் நாற்பது சதவீதம் தேறவேண்டும். தேறுவது என்றால் மோசமாக இருப்பது!

நடையைத் தாண்டி வாழ்க்கையையும் விசாரிக்கும் 54 கேள்விகள் 1995-ல் வந்தன. ஒருநாள் அவற்றைத் தமிழாக்கி அக்காவுக்குப் படித்துக்காட்டினேன்.

"படியேறச் சிரமமா?"

"எந்தப் படி? மொட்டைமாடிக்குப் போறதையே விட்டாச்சு. அப்புறம் என்னடா சிரமம்?"

'சிரமமில்லை' என்று குறிப்பதா? பேனா நின்றது. மிதமான அல்லது கடும் ஊனத்தோடு வாழ்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் வாழ்க்கை நன்றாகவே இருப்பதாகச் சொன்னதை ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-ல் எழுதினார்கள். படித்தபோது, வேறு வழியில்லாமல் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் நகரும் ரயிலில் தாவி ஏறிய அக்காவை வைத்து அளப்பவன் நான்தான். அவள் அந்தப் பெண்ணை எப்போதோ வழியனுப்பிவிட்டாள். ஆனாலும் மாடியில் வடாம் காயவைத்தவளுக்கு அந்தப் படி வேண்டாமலா போயிருக்கும்?

கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்ததற்குப் போனேன். "கடந்த நாலு வாரத்தில் எவ்வளவு நேரம் மகிழ்ச்சியாக இருந்தீர்கள்?"

அக்கா விரல்விட்டு எண்ணினாள். "நாம மாவடு போட்டது நாலு வாரத்துக்குள்ள வருமாடா?"