குலுங்குவது யார்?

பல்லக்குக் காலத்தில் சொகுசுக்கு வில்லாக இருந்தது எது? சுமந்தவன் தோள்! பள்ளத்தின் அதிர்ச்சியைத் தோள் தாங்கிற்று. உள்ளே சாய்ந்திருந்தவரின் உறக்கம் கலையவில்லை. பின்னர் மோட்டார் வந்தது. தோளின் வேலையை எஃகு வில்லும் காற்றடைத்த ரப்பரும் ஏற்றன. மனிதனை மனிதன் சுமக்கும் இழிவு ஒழிந்தது என மகிழ்ந்தோம். அதிர்ச்சி ஒழிந்ததா, அன்றித் தாங்குவோன் மட்டும் மாறினானா?

1880களின் பிற்பகுதியில் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காதிருக்கக் காற்றடைத்த டயர் செய்தார். 1895இல் மிச்சலின் சகோதரர்கள் அத்தகைய டயரை மோட்டாரில் பூட்டி, பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் இறங்கினர். வெடிக்க வெடிக்க மாற்றி ஓட்டினர். 1907இல் ரோல்ஸ் ராய்சின் 'சில்வர் கோஸ்ட்' 15,000 மைல் ஓட்டப்பட்டு, பிறகு அக்கக்காகக் கழற்றித் தேய்மானம் அளக்கப்பட்டது. ஆண்டவன் விட்ட வழி என்று இருந்துவிடவில்லை; அளந்தனர்! அறிவின் அந்த நேர்மையைப் போற்றுகிறோம்.

ஆனால், அளவுகோல் யார் பக்கம் நின்றது? அந்நாளைய சொகுசு வண்டிகள் பலவற்றில், பின்னே சீமானுக்குக் கூரையும் மெத்தையும். முன்னே ஓட்டுநருக்கு வெயிலும் மழையும்! ரப்பர் வந்த வழியோ இன்னும் கொடிது. லியோபோல்டு மன்னனின் காங்கோவில், ரப்பர் பறிக்க ஏவப்பட்ட படை ஏழைகளின் கைகளை வெட்டிற்று. மலேயாத் தோட்டங்களிலோ, விடியுமுன் எழுந்து மரம் சீவினான் தமிழன். மெத்தென்ற பயணத்தின் மேடுபள்ளங்களை இவர்கள் உடல் தாங்கிற்று. சோதனைக் குறிப்பேட்டில் இவர்களுக்கு ஒரு வரியுமில்லை.

இன்று நாமக்கல்லைப் பாருங்கள்! லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள். சங்ககிரியிலிருந்து நாடெங்கும் செல்லும் லாரிகள். திருச்செங்கோட்டிலிருந்து பாறை பிளக்கப் புறப்படும் ரிக் வண்டிகள். பெருஞ்சுமைக்கென விறைப்பாக அமைந்த கமான் பட்டை, சுமை இறங்கிய வண்டியில் ஓட்டுநரின் முதுகெலும்பையல்லவா உலுக்குகிறது!

"அவன் தலையெழுத்து" என்பர் சிலர். புறப்படும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கினால் போதும் என்பர் வேறு சிலர். எலுமிச்சை இடுப்புவலியை அறியுமா? அதிர்வை அளக்கக் கருவி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல், எட்டு மணி நேர வேலைக்கு, உடல் தாங்கும் அதிர்வு வினாடிக்கு வினாடி 0.5 மீட்டரைத் தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்கவேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது என வரையறுத்தது. நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார்த் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. புதிதாக உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் 2025இல் கட்டாயமாயிற்று. நேற்றுச் சீமானின் சொகுசு, இன்று உழைப்பாளியின் உரிமை! எழுதியது தலையெழுத்தன்று, சட்டத்தின் எழுத்து.

சொகுசு பாவம் என்று துறவியைப்போல் பேசமாட்டோம். துன்பம் குறைக்கும் அறிவு நன்றே. அது ஒரு சிலரின் பின்னிருக்கையோடு நின்றுவிடுவதே தீது. எனவே இளைஞர்காள், எந்தப் புதுமையைக் கண்டாலும், "எவ்வளவு சுகம்?" என்று கேட்பதோடு நில்லாதீர்! "யாருக்குச் சுகம்? குலுங்குவது யார்?" என்றும் கேளுங்கள். அளவுகோலை ஓட்டுநர் இருக்கையில் வையுங்கள். பல்லக்கு ஒழிந்ததா என்பது அங்கேதான் தெரியும்.