தன் கையால் வார்த்த குண்டு

அமெரிக்க நாட்டில் சுழல் துப்பாக்கி கொண்டு வேட்டையாடுவோருட் சிலர் கடைத் தோட்டாவை வாங்குவதில்லை. ஈயத்தோடு வெள்ளீயமும் ஆண்டிமனியும் கூட்டி உருக்கி, அச்சில் வார்த்துக் கனத்த குண்டுகளைத் தாமே செய்துகொள்கின்றனர். வெறும் ஈயம் எலும்பிற் பட்டால் நசுங்கும். இக்கலவை எளிதில் நசுங்காது ஆழச் செல்லும். பெருவிலங்கு குற்றுயிராய் அலையாது விரைவில் விழவேண்டும் என்பது அவர்தம் கருத்து. கொலையிலும் கருணையோ என்று நகைப்பார் நகைக்கட்டும். நமது ஐயம் வேறு.

மருந்தை நிறுப்பவனும், குண்டைப் பொருத்துபவனும், விசையை இழுப்பவனும் ஒருவனேயாயின், பிழை நேர்ந்தால் அவன் யாரை நோவான்? இத்துறையில் பேர்பெற்ற எல்மர் கீத் 1925-இல் கனத்த குண்டிட்டுச் சுட்டபோது, அவரது .45 கோல்ட் துப்பாக்கி கையிலேயே வெடித்தது. அவர் வலிமை வேட்கையை விட்டாரில்லை, அறைச்சுவர் தடித்த.44 ஸ்பெஷலுக்கு மாறினார். அவர் விடாது வற்புறுத்திவந்த பின்னர், 1955-இல் .44 மேக்னம் பிறந்தது. இது கருவியின்மேற் பழி போடுதலா, பிழையறிந்து திருந்துதலா? இரண்டுமே என்று நமக்குத் தோன்றுகிறது.

நாம் தோட்டத்துக் கிராணி. பால் நிறுக்கையில் கணக்குப் பிசகினால், “தராசு சரியில்லை” என்போம். நாமே அவ்வாறு சொன்னதுண்டு. எதிரே வாளியுடன் நிற்கும் பால்வெட்டுக்காரருக்கு அதை மறுக்க வாயில்லை. மருந்து இருமுறை விழுந்த கூடொன்று கண் தப்பினால், அது வெடிப்பது குண்டு செய்தவன் கையில். நமது பிசகோ பிறர் கூலியில் வெடிக்கிறது. அதனாற்றானோ, அவன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியிற் சாய்த்துப் பார்க்கிறான். நாம் பேரேட்டை மூடிவிட்டு வீடு திரும்புகிறோம்.