காலாவதி ஆவது எது?

கணக்கில் பணமில்லை என்று காசோலை திரும்பி வந்த நாளிலிருந்து, பணம் வரவேண்டியவர் நாள் எண்ண வேண்டும். வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்குக் கிடைத்தபின், காசோலை கொடுத்தவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள்ளும் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138, 142ஆம் பிரிவுகள் வகுத்த கணக்கு இது. ஒரு நாள் பிசகினாலும் வழக்கு விழுந்துவிடலாம். அப்படியானால் நேற்று குற்றமாக இருந்தது இன்று இல்லையென்று ஆகிவிடுமா? அறத்துக்கும் கெடு தேதி உண்டா?

தண்டனையையும் கடனையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. பணம் பெற வேண்டியவருக்குத் தண்டிக்கும் அதிகாரம் பிறவியிலேயே வாய்த்ததல்ல. 1989 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 138ஆம் பிரிவின் வழியே சமூகம் தந்த இரவல் அது. இரவல் பொருளை நினைத்தபோதெல்லாம் எடுத்து வீச முடியாது. தாமதத்தை மட்டுமல்ல, அவசரத்தையும் சட்டம் தடுக்கிறது. 15 நாள் முடியுமுன் தாக்கலான புகார் செல்லாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவறியவர் திருந்த விட்ட இடைவெளி அது.

ஏமாற்றுபவருக்கு இது வசதிதானே என்று கேட்கலாம். போதிய காரணம் காட்டினால் புகாரின் தாமதத்தை மன்னிக்க 2002 திருத்தம் வழிவிட்டது. கடனுக்கான உரிமையியல் வழக்குக்கோ பொதுவாக மூன்றாண்டு இருக்கிறது. அதுவும் கடந்தால்? அப்போதும் வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது. காலம் கடந்த கடனைத் தருவதாகக் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால், புதிய பிரதிபலன் இல்லாமலே அது செல்லும் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. செத்துப்போன கடனாக இருந்தால் சட்டம் ஏன் இப்படி மதிக்க வேண்டும்?

மதங்களே கடனுக்கு வரம்பு வைத்திருக்கின்றனவே என்பது இன்னொரு மறுப்பு. ஏழாம் ஆண்டு கடனை விட்டுவிடச் சொல்கிறது உபாகமம். நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுங்கள், கடனையே தள்ளுபடி செய்வது இன்னும் நல்லது என்கிறது குர்ஆன். இரண்டும் பேசுவது கொடுத்தவரிடம். வாங்கியவர் ஒளிந்திருந்து நாளைக் கடத்தலாம் என்று இரண்டும் சொல்லவில்லை.

புகார் தள்ளுபடியான மறுநாளே அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதை எந்தப் பிரிவும் தடுப்பதில்லை. அதற்குக் கெடுவும் இல்லை.