தேசிங்கின் இறப்பும் உரையளவையும்

செஞ்சியை ஆண்ட தேசிங்கு, குதிரையேற்றத்திற் பெயர்பெற்றவன், 1714-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபோடு பொருது இளமையிலேயே மாய்ந்தான். மாய்ந்தான் என்பதில் ஐயமில்லை, மாய்ந்தவாறே ஐயத்திற்குரியது. குண்டுபட்டு வீழ்ந்தான் என்பர் வரலாற்றார். வாளை மேலெறிந்து தன் மார்பில் ஏற்றான் என்னும் கதைப்பாடல். பாடலிற் குற்றமில்லை, அது தன்னைக் காண்டல் என்று கூறிக்கொள்வதில்லை.

செய்தியுரை அங்ஙனமன்று. தான் சென்று காணமாட்டாதவனன்றோ பிறனுரையை அளவையாகக் கொள்கின்றான்! 2020 சனவரி 26-ஆம் நாள் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையண்டு ஹெலிகாப்டர் வீழ்ந்து இறந்தபோது, அவர்தம் மக்கள் நால்வரும் உடனிருந்தனரெனக் கருதப்படுவதாகத் தொலைக்காட்சிச் செய்தியாளரொருவர் உரைத்தார். உடனிறந்தவள் பதின்மூன்று வயதினளாகிய இரண்டாம் மகள் ஒருத்தியே. ‘கருதப்படுகிறது’ என்னும் ஒரு சொல்லால் அவ்வுரை குற்றம் நீங்கியதாமோ? கருதலுக்கு ஏது வேண்டும். ஏதுவின்றிக் கூறிய ஐயத்தைக் கேட்டார் துணிவாகவே கொள்வர். முதலிற் கேட்க விழையும் அவர்தம் வேட்கையும் இக்குற்றத்திற் பங்குடையதே. செய்தியாளர் பின்னர்ப் பிழைபொறுக்க வேண்டினார்.

தேசிங்கைப்பற்றிய இருகூற்றையும் இன்று அருகருகே வைத்தெழுதலாம். அதனால் நோவார் எவருமிலர். பிரையண்டின் மனைவியாரோ, இறந்தனர் என்று பரவிய மகளிர் மூவரோடும், அன்று உயிருடனிருந்தார்.