கொடுக்கப்படாத நகல்

நகல் எடுப்பதால் உரியவரிடம் எதுவும் குறைவதில்லையே, பிறகு அது எப்படிக் களவாகும்? பழைய வீடியோ கேம்களைக் கணினியில் ஆட விரும்புவோர் கேட்கும் இந்தக் கேள்விக்கு ஆரணி வட்டாரத்துச் சமண மரபில் நெடுநாளைய விடை உண்டு. பூண்டியிலும் திருமலையிலும் இன்றும் வாழும் அந்நெறிக்கு அடிப்படையான தத்துவார்த்த சூத்திரம், கொடுக்கப்படாததை எடுத்தலே களவு என்கிறது. பறிகொடுத்தவரின் நட்டத்தை அது கணக்கிடவில்லை. எடுப்பவரின் செயலையே எடைபோடுகிறது. வள்ளுவரும் கள்ளாமை அதிகாரத்தில் குற்றத்தின் வேரை எண்ணத்திலேயே காண்கிறார். எனவே எது நமக்குக் கொடுக்கப்பட்டது என்று முதலில் தெளிய வேண்டும்.

கொடுக்கப்பட்டதற்கும் கொடுக்கப்படாததற்கும் உள்ள வேறுபாடு ஆரணிப் பட்டுத்தறியில் கண்ணுக்குத் தெரியும். 1804இல் பிரான்சில் உருவான, துளையிட்ட அட்டைகளின்படி டிசைன் நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டியின் நுட்பம் இன்று எல்லாருக்கும் பொது. ஆனால் ஒருவர் கூலி கொடுத்து வரையவைத்து, துளையிடச் செய்து வாங்கிய டிசைன் அட்டைகள் அவருடையவை. எமுலேட்டர் என்பது கன்சோலின் வேலையைக் கணினியில் செய்ய ஒருவர் தம் உழைப்பால் எழுதும் நிரல். அது பெட்டியைப் போன்றது. சில எமுலேட்டர்கள் கேட்கும் பயாஸ், கன்சோலை இயக்கிவைக்கும் நிரல்; கன்சோலைத் தயாரித்த நிறுவனம் எழுதியது. அது அட்டையைப் போன்றது. முதல் பிளேஸ்டேஷனின் பயாஸ் வெறும் 512 கிலோபைட்தான், ஆனாலும் அது ஒருவரின் படைப்பு. பிளேஸ்டேஷனைத் தயாரித்த சோனி தொடுத்த வழக்கில் 2000இல் தீர்ப்பளித்த அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், கனெக்டிக்ஸ் நிறுவனம் ஆராய்வதற்காக பயாஸைப் பிரதியெடுத்ததை நியாயமான பயன்பாடு என ஏற்றது. அந்நிறுவனம் விற்ற எமுலேட்டரில் சோனியின் நிரல் இல்லை. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், முறையாகப் பெற்ற நிரலை வணிக நோக்கின்றிச் சொந்தப் பயனுக்கு நகலெடுக்க இடம் தருகிறது. தம் கன்சோலிலிருந்து தாமே பயாஸை எடுப்பவர் இந்த எல்லைக்குள் நிற்கிறார் என்பதே என் வாசிப்பு.

கன்சோல் என்னிடம் இருக்கிறது, இணையத்தில் கிடைப்பதும் அதே பைட்டுகள்தானே என்பது வலுவான மறுப்பு. பைட்டுகள் ஒன்றுதான், கொடுப்பவர் வேறு. தமக்கு உரிமையில்லாததை ஊருக்கெல்லாம் வழங்குபவரிடம் கைநீட்டினால், கன்சோலே வாங்காதவர்களுக்கும் பயன்படும் அந்த வழியை நாமும் வாழவைக்கிறோம். நிறுவனம் விற்பதை நிறுத்திவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. விற்பனை நின்றதும் கொடை நிகழ்ந்துவிடாது. ஆனாலும் பழைய விளையாட்டுகள் அழிந்துபோவது பண்பாட்டு இழப்பு என்ற கவலை நேர்மையானது. அந்தக் கவலைக்குத் தீர்வு, ஆவணக் காப்பகங்களுக்குத் தெளிவான சட்ட அனுமதி. தனிமனிதர் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் விலக்கு தீர்வாகாது.

மின்னணு ஜக்கார்டு வந்தபின் சேலை டிசைனும் பென் டிரைவில் அடங்கும் கோப்பாகிவிட்டது. அதை யாரும் கேட்காமல் எடுக்கக்கூடாது என்று விரும்பும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், பயாஸ் கோப்புக்கும் அதே நீதியை வழங்க வேண்டும். சொந்தக் கன்சோலிலிருந்து எடுங்கள். இல்லையேல் பயாஸ் கேட்காத எமுலேட்டரைத் தேர்ந்தெடுங்கள்.