மந்திரக்காரிக்கு என்ன நிறம்?

ஜப்பானின் அனிமே பாணியில் ஒரு மந்திரக்காரியை வரைய உட்காருகிறவருக்கு எல்லாச் சுதந்திரமும் உண்டு. முடி பச்சையாக இருக்கலாம், ஊதாவாக இருக்கலாம், தரையைக் கூட்டிக்கொண்டு வருகிற நீளத்தில் இருக்கலாம். கண்ணு ரத்தச் சிவப்பாக இருக்கலாம். கையிலிருக்கிற கோலின் நுனியில் நிலவையே சொருகி வைக்கலாம். ஏன் இப்படின்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கற்பனைதானே. ஆனால் இந்தச் சுதந்திரம் முகத்துத் தோலுக்கு வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. எதுவும் நடக்கலாம் என்கிற உலகத்தில் எது மட்டும் நடப்பதில்லை என்று பார்த்தால்தான் அந்த உலகத்தின் நியாயம் பிடிபடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்ம தோழர்கள் சிலர் படத்தைப் பார்த்ததுமே "வெள்ளைக்காரி மூஞ்சி" என்று முடித்துவிடுவார்கள். விஷயம் அவ்வளவு சுளுவானது இல்லை. அந்தப் பெரிய கண்ணை நிலைநாட்டிய ஒசாமு தெசுகா (1928–1989) அதை டிஸ்னியிடமிருந்தும், பெண்களே ஆண் வேடமும் கட்டுகிற தகராசுகா நாடக மேடையிலிருந்தும் எடுத்துக்கொண்டார். ஆனாலும் ஜப்பானிய வாசகர் அந்த முகத்தைத் தன் முகமாகத்தான் படிக்கிறார். இதற்குப் பாதிக் காரணம் காகிதம். மங்கா பெரும்பாலும் கறுப்பு மையில் அச்சாகிறது. முகத்துக்குள் ஒன்றும் போடாமல் விட்டால் காகிதத்தின் வெளுப்பே தோலாகிவிடும். கறுத்த தோல் வேண்டுமானால் புள்ளிகள் அச்சடித்த ஸ்கிரீன்டோன் தாளை முகத்தின் அளவுக்கு வெட்டி ஒட்ட வேண்டும். இப்போது அதைக் கணினியில் செய்கிறார்கள். எப்படியும் கறுப்பு என்பது கூடுதல் வேலை. கூடுதல் வேலைக்குக் கதையில் ஒரு காரணம் காட்டியாகணும். வெளுப்பிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. ஊருன்னா வெறும் ஊருதான், அடைமொழி கிடையாது. நம்ம இடத்துக்குத்தான் தனியா ஒரு பேரு.

காட்டுகிற காரணம் என்ன? 1990இல் வீடியோத் தொடராக வந்த 'ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்' கதையில் இரண்டு எல்ஃப் பெண்கள். இரண்டு பேருக்கும் நீண்ட காது, இரண்டு பேருக்கும் மந்திரம் தெரியும். பொன்முடியும் வெளுத்த உடம்பும் கொண்ட டீட்லிட் நாயகனோடு நிற்கிறாள். கறுத்த பிரோடெஸ் எதிரிப் படையில். 1988இல் தொடங்கிய 'ஆ! மை காடஸ்' மங்காவில் மூன்று தேவதைச் சகோதரிகள். மூத்தவள் ஊர்த் மட்டும் மாநிறம், அவளைப் பெற்றவள் அசுரத் தலைவி. வாசகர்களுக்குப் பிரியமான பாத்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் நிறத்துக்கு விளக்கமாகத் தாய்வழியில் ஒரு தீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கிற இந்த வழக்கம் நமக்குப் புதுசா என்ன?

எங்கள் மாலை வகுப்பில் எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளை, செல்போனில் அனிமே பார்த்தே வரையக் கற்றவள், ஒரு மந்திரக்காரியை வரைந்தாள். கோடு அவ்வளவு சுத்தம். முகத்துக்கு, நாமெல்லாம் 'ஸ்கின் கலர்' என்று சொல்லிப் பழகிய அந்த வெளிர் ரோஸ் கிரேயானை எடுத்தாள். கருப்பா வரையக் கூடாதா பாப்பா என்றேன். "சூனியக்காரின்னா கருப்பா வரையலாங்க்கா. இவ நல்லவ."

சூனியக்காரி என்ற சொல் படத்தோடு நின்றுவிடுகிற சொல் அல்ல. அந்தப் பட்டம் கட்டிப் பெண்களை அடிப்பதையும் கொல்லுவதையும் தடுக்க பீகாரில் 1999இலும், ஜார்க்கண்டில் 2001இலும், சத்தீஸ்கரில் 2005இலும் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அந்தப் பட்டத்தைச் சுமந்தவர்களில் விதவைகள், ஒண்டியாக வாழ்ந்தவர்கள், ஆதிவாசி, தலித் பெண்கள் எத்தனையோ பேர்.

சரி, அதுக்காக அந்தப் பிள்ளையிடம் கறுப்பாகத்தான் வரையணும்னு சொல்லிவிடலாமா? இங்கேதான் எனக்குச் சிக்கல். ஆதிக்கச் சாதிப் பிள்ளை வரைகிற படத்தில் அதன் இனத்தின் முகம் எங்கே என்று எவனும் கேட்பதில்லை. நம்ம பிள்ளை மட்டும் கனவிலும் சேரியைத் தூக்கிக்கிட்டுத் திரியணுமா? பகலெல்லாம் அடையாளம் கேட்கிற உலகத்திலிருந்து ஒரு மணி நேரம் ஊதா முடியோடு பறந்துவிட்டு வருகிறாள். அது வெட்கத்தினால் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அவள் காகிதத்தின்மேல் நின்று மேஸ்திரி வேலை பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் இதை அவளுடைய தேர்வு என்று சொல்லிவிட்டு நகரவும் முடியவில்லை. இரண்டு வழியும் கைக்கு வசப்பட்ட பிறகு ஒன்றை எடுப்பதுதானே தேர்வு? கறுத்த முகத்தை அழகாகப் போடுவது எப்படி என்று அவளுக்கு யார் காட்டினார்கள்?

ஜப்பானிலேயே கை வேறு பக்கம் போனதும் உண்டு. 1964இல் தொடங்கிய 'காரோ' பத்திரிகையில் சிராதோ சான்பெய் 'காமுய்' கதையை வரைந்தார். மந்திரக்காரி கதையல்ல, நிஞ்ஜா கதை. காமுய் பிறந்தது ஹினின் என்ற ஒதுக்கப்பட்ட கூட்டத்தில். அந்தச் சொல்லுக்கு எழுத்துப்படியே பொருள் 'மனிதரல்லாதவர்'. அந்த மனிதரல்லாதவருக்குத்தான் அவர் முகம் கொடுத்தார்.

ஆகவே இப்போது வகுப்பில் உபதேசத்தை விட்டுவிட்டு வேலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். மூக்கில் தொடங்கினோம். அனிமேயில் மூக்கு ஒரு புள்ளி, இல்லையென்றால் ஒரு சின்ன நிழல். அகன்ற மூக்கு பெரும்பாலும் கிழவிக்கும் கோமாளிக்கும்தான். மூக்கை அளந்து சாதிக்கு இனம் கற்பித்தவர் ரிஸ்லி. 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் மூக்களவுக் கணக்கையே எடுத்துவைத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனமில்லை என்று வாதாடினார் அம்பேத்கர். பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடித்துப்போனது. அகலமான மூக்கைச் சிரிப்பில்லாமல் போட்டுப் பார்த்தார்கள். நிறத்துக்குப் பழுப்புக்கு அடியில் கொஞ்சம் மஞ்சள். நிழலுக்குக் கறுப்பைத் தொடவே கூடாது, கருநீலமோ ஊதாவோதான். வெளுத்த முகத்துக்கு நிழல் போட்டால் போதும், கறுத்த முகத்துக்கு வெளிச்சமும் போடணும்: மூக்குத்தண்டு, கன்னமேடு, கீழுதடு, தோள்பட்டை. கோலிலிருந்து வருகிற மந்திர வெளிச்சம் வெளுத்த கன்னத்தில் விழுந்தால் காகிதத்தோடு கரைந்துபோகிறது. பழுப்பின்மேல் அப்படியே நிற்கிறது. வெள்ளைப் பென்சில்தான் சீக்கிரம் தீர்ந்துபோகுது, தனியா வாங்கணும்.